எல்லாக் கண்ணும் தூங்கும் அலமாரி

ஓய்வு நாள் காலையில் மாடி வீட்டு மின்விசிறி நின்றால், அங்கே லென்ஸ் துடைக்க உட்கார்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் கடை அந்த அறைக்கு நேர் கீழே இருக்கிறது. விசிறியின் கடகடப்பு என் கூரை வழியாக நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும். பழகிவிட்டதால் காதில் விழாது, நின்றால்தான் விழும். நின்றதும் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும். அடுத்து அண்ணியின் குரல் வரும்.

"உள்ள இருக்கறவங்க உள்ளயே இருங்க, வெளிய இருக்கறவங்க வெளியவே இருங்க. கதவைத் திறந்தீங்கன்னா தூசி வரும், அப்புறம் என் வாயும் வரும்."

உலகமே காற்றுக்கு ஏங்கும்போது காற்றே வேண்டாம் என்று அடைத்துக்கொண்டு, வேர்த்து வழிய எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் தம்பதியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அண்ணன் புகைப்படக்காரர். கல்யாணம், பள்ளிக்கூடம், அலுவலக விழா என்று போகாத இடமில்லை. தெருவில் அவருக்குப் பெயர் 'சிரிங்க'. பல் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்கி வந்தவரிடமே "கொஞ்சம் சிரிங்க" என்று சொன்ன மனிதர். அவர் எடுப்பதைக் கம்ப்யூட்டரில் திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கித் தருவது அண்ணி. அதை அட்டை போட்டு ஆல்பமாகக் கட்டுவது நான். எனக்கும் பெயர் உண்டு. 'பசை' என்று கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன்.

அவர்கள் வீட்டில் லென்ஸுக்கும் கேமராவுக்குமென்று ஒரு அலமாரி இருந்தது. கதவு ஓரமெல்லாம் அண்ணன் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார். சாத்தினால் எறும்பு என்ன, எறும்பின் மூச்சுக்கூட உள்ளே போகாது. ஈரம் புகுந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்ற பயம். இரவு படுக்கப் போகும்முன் தன் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி அதே அலமாரியில்தான் வைப்பார்.

"எல்லாக் கண்ணும் ஒரே இடத்துல தூங்கட்டுமே" என்பார். அவருக்கு அது நகைச்சுவை. ஒருமுறை கண்ணாடி மேலேயே உட்கார்ந்து உடைத்தவர் என்பதுதான் உண்மையான காரணம்.

மழைக்காலத்தில் பெரியக்கா வந்து சேர்ந்தார். அண்ணனுக்கு மூத்தவர். அவர் வீட்டுக் கூரை ஒழுகி, பழுது பார்க்கும் வரை தம்பி வீட்டில் தங்கலாம் என்று பெட்டியோடு வந்தார். தங்கமான மனுஷி, சும்மா உட்கார மட்டும் தெரியாது. வந்த வாரத்திலேயே சமையலறை டப்பாக்களெல்லாம் இடம் மாறின. உப்பைத் தேடி அண்ணி என்னிடம் வந்து வாங்கிப் போனார். ஈரத்துக்குப் பூச்சி வரும் என்று வீட்டிலிருந்த அலமாரி, பெட்டி, இழுப்பறை எதையும் விடாமல் பெரியக்கா அந்துருண்டை போட்டு வைத்தார். மாடிப்படி ஏறினாலே அந்த வாசனை வந்து வரவேற்கும். கொஞ்ச நாளில் அதுதான் அந்த வீட்டு வாசனை என்றாகிவிட, யாருக்கும் தனியாகத் தெரியாமல் போனது.

பெரியக்காவுக்கு விசிறி நின்றால் ஆகாது. "எனக்கு மூச்சு முட்டும்டா தம்பி" என்பார். அதனால் ஓய்வு நாளிலும் என் கூரையில் கடகடப்பு நிற்கவில்லை. லென்ஸ் துடைப்பது அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனது. வேலைக்குப் போன இடத்தில் லென்ஸுக்கு முன்னால் திருகியிருக்கும் ஃபில்டர் கண்ணாடியை மட்டும் அண்ணன் பிரஷ்ஷால் தட்டிக்கொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் அவர் மாறினார். சிரிங்க என்பவர் சிரிப்பதை விட்டார். கடையில் என் எதிரே உட்கார்ந்தால் டீ ஆறிப்போகும். தெருவில் எதிரே வருகிறவரைப் பக்கத்தில் வந்த பிறகுதான் அடையாளம் கண்டு வணக்கம் சொன்னார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார், போடுவார், மறுபடி கழற்றுவார். லென்ஸைச் சட்டையால் துடைக்கிறவனைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவர் அவர். தன் கண்ணாடிக்கு மட்டும் சட்டை நுனி போதும்.

ஒரு மத்தியானம் விஷயத்தைச் சொன்னார். நான் ஒரு கல்யாண ஆல்பத்துக்கு முதுகுத்துணி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"பசை, யார்கிட்டயும் சொல்லாதே. எனக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"எல்லாமே மூடுபனிக்குள்ள இருக்கற மாதிரி தெரியுது. விளக்கைப் பார்த்தா சுத்தி வட்டமா வெளிச்சம் பரவுது."

"லென்ஸ்ல ஏதாவது அழுக்கா இருக்கப்போகுது."

"மூணு லென்ஸையும் மாத்திப் பார்த்தேன். மூணுலயும் அப்படித்தான். சரி, கேமராவைக் கீழ வச்சிட்டுத் தெருவைப் பார்த்தா, தெருவும் அப்படித்தான். கம்ப்யூட்டர்ல பார்த்தா அதுலயும் அப்படியே. அப்ப அழுக்கு எங்க இருக்கு? இங்கதான்" என்று தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். அவர் ஒரு இரும்பு ஃபிரேமை மாட்டி, கண்ணாடிய மாத்தி மாத்திப் போட்டுப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படிச்சேன். கண்ணு நல்லா இருக்கு, பவர்கூட மாறலன்னுட்டார். அங்கேருந்து வெளிய வந்து என் கண்ணாடியப் போட்டா, வாசப்படியே மங்கலா இருக்கு. அவருக்கும் பிடிபடாத ஏதோ ஒண்ணு. பெருசா ஏதோ இருக்கு."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நீ வாயைத் திறக்காதே."

நான் திறக்கவில்லை. ஆனால் அண்ணியிடமும் ஏதோ இருந்தது. அவர் கொண்டுவந்த பக்கங்களில் கறுப்புக் கோட்டெல்லாம் சாம்பல் கோட்டாக இருந்தன. மாப்பிள்ளைகள் எல்லாம் மாவு மில்லில் வேலை பார்க்கிறவர்கள் போலிருந்தார்கள். என்னவென்று கேட்டேன்.

"பேப்பர் சரியில்ல தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பேப்பர் நான் வாங்கிக் கொடுத்தது. எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் அவர் கண்ணைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. சரியாகத் தூங்காத கண் அது. இன்னொன்றும் கவனித்தேன். படம் எடுக்கப் போகும் இடத்துக்கெல்லாம் அண்ணி கூடவே போக ஆரம்பித்திருந்தார். கேட்டால், "வீட்ல போர் அடிக்குது, விளக்காவது பிடிக்கறேன்" என்பார். அண்ணி போர் அடிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

கடைசியில் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். லென்ஸ்களை எதிர்த்தெரு புகைப்படக்காரரிடம் கொடுத்துவிடுவது. போகும் இடமெல்லாம் விளக்குக்கு வைக்கும் வெள்ளைக் குடையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிவதால் அவருக்குப் பெயர் குடை. நல்ல மனுஷன், பொருளை மதிக்கிறவர். பள்ளிக்கூடத்து வருஷப் படத்தையும் இனி அவரே எடுக்கட்டும் என்று அண்ணன் சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணியிடம் சொன்ன காரணம், "முதுகு வலி, இனிமே அலைய முடியாது" என்பது. அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. எப்போதும் எதற்கும் ஏன் என்று கேட்கிறவர், அன்று பேசாமல் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாராம். எனக்கு இந்த இரண்டு பேர்மேலும் எரிச்சலாக வந்தது. ஆளுக்கொரு மூலையில் ஒரே பாரத்தைச் சுமந்துகொண்டு, ஒருவர் பாரத்தை ஒருவர் குறைக்கிறோம் என்று நினைப்பு.

ஓய்வு நாள் காலையில் குடை வந்து வாங்கிப் போவதாக ஏற்பாடு. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. நான் கடையில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கூரை அமைதியானது. ஊசி கையிலேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் அண்ணி படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அகலமா ரப்பர் பட்டை ஏதாவது இருக்கா? ஃபில்டர் ஒண்ணு இறுகிப் போச்சு, கழல மாட்டேங்குது."

ஆல்பத்தை அழுத்திக் கட்டும் பட்டையும், விரித்து வைக்க ஒரு கறுப்பு அட்டையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைக் கொஞ்சமாகத் திறந்து என்னை உள்ளே இழுத்து உடனே சாத்தினார்கள். அறை அடுப்பு மாதிரி இருந்தது. மேஜையில் துவாலை விரித்து, லென்ஸ்கள் உருளாதபடி குழி செய்து வைத்திருந்தார்கள். பெரியக்கா ஓரத்து நாற்காலியில் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, விசிறாதீங்க. தூசி பறக்கும்" என்றார் அண்ணன்.

"நான் செத்தா அந்த லென்ஸ்லயே ஒரு படம் எடுத்து மாட்டிக்கோ" என்றார் பெரியக்கா. ஆனாலும் செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டார்.

"கொடுக்கற பொருளைச் சுத்தமா கொடுக்கணும்" என்று எனக்கு விளக்கம் சொல்வதுபோல் சொன்னார் அண்ணன். பெரிய லென்ஸைக் கண்ணாடி கீழே பார்க்கும்படி பிடித்து, ரப்பர் ஊதுபந்தை அமுக்கிப் புஸ் புஸ்ஸென்று ஊதினார். தூசி தானாகக் கீழே விழ வேண்டும்.

"இதுக்கு எதுக்குடா இவ்வளவு? வாயால ஒரு ஊது ஊதினா போச்சு."

"எச்சில் தெறிக்கும்க்கா."

"உன் எச்சில் என்ன விஷமா?"

"கறை பிடிக்கும். தூசி இருக்கும்போதே துடைச்சாலும் கீறல் விழும். முதல்ல ஊதணும், அப்புறம் பிரஷ், அதுக்கும் போகலன்னாத்தான் துடைக்கணும்."

"எங்க காலத்துல மாப்பிள்ளை பார்க்கறதுகூட இவ்வளவு நிதானமா பார்க்கல" என்றார் பெரியக்கா. அண்ணி சிரிப்பை அடக்கியபடி ரப்பர் பட்டையை ஃபில்டர் வளையத்தில் சுற்றினார்.

"அழுத்திப் பிடிக்காதே, வளையம் கோணிக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் வராது" என்றார் அண்ணன்.

"தெரியும். நேத்திக்கா கல்யாணம் ஆச்சு?"

விரல்களைப் பரவலாக வைத்து லேசாகத் திருகினார். கிறிச் என்று ஒரு சத்தம். ஃபில்டர் கழன்று வந்தது. அதை என் கறுப்பு அட்டைமேல் வைத்தார். வைத்தவர் குனிந்தார். இன்னும் குனிந்தார்.

"தம்பி, அந்த ஜன்னல் பக்கமா கொஞ்சம் சாய்ச்சுப் பிடி."

பிடித்தேன். வெள்ளைத் தாளில் தெரிந்திருக்காது. கறுப்பின்மேல் பளிச்சென்று தெரிந்தது. ஃபில்டரின் உள்பக்கம் முழுக்க, பால் காய்ச்சிய பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஆடைபோல் ஒரு வெள்ளைப் படலம். அண்ணி லென்ஸைத் திருப்பிப் பின்பக்கத்து மூடியைக் கழற்றினார். அங்கேயும் அதேதான். அடுத்த லென்ஸ், அதற்கடுத்தது என்று எதிலும் விடவில்லை. கேமராவின் கண் வைக்கும் துவாரத்துக் கண்ணாடியில்கூட இருந்தது.

"பூஞ்சையா?" என்றார் அண்ணன், பதறிப்போய்.

"பூஞ்சைன்னா கோடு கோடா ஓடும். இது மாவு பூசின மாதிரி இருக்கு." அண்ணி ஃபில்டரை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். மேஜையைச் சுற்றி வந்து, அண்ணன் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதையும் முகர்ந்தார்.

"என்னடி பண்றே?"

"அக்கா" என்றார் அண்ணி திரும்பாமலே. "அந்த லென்ஸ் அலமாரியிலும் அந்துருண்டை போட்டீங்களா?"

"போட்டேனே. நாலு மூலைக்கும் போட்டேன். பூச்சி அரிச்சா பாவம் தம்பி பொழைப்பு என்ன ஆகறதுன்னு, அதுக்கு மட்டும் கூடக் கொஞ்சம் போட்டேன்." பெரியக்கா பெருமையாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டார். "ஏன்? என்ன ஆச்சு?"

அண்ணன் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். காற்றுப் புகாமல் அவரே பட்டை ஒட்டி அடைத்த அலமாரி. உருண்டைகள் கரைந்து மிளகளவுக்கு வந்திருந்தன. கரைந்ததெல்லாம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருந்த கண்ணாடிகளில்தான் படிந்திருக்கிறது. லென்ஸில், ஃபில்டரில், இரவெல்லாம் அங்கே தூங்கிய மூக்குக்கண்ணாடியில். காலையில் அந்தப் படலத்தைத் தன் சட்டையால் தேய்த்து, சட்டையின் எண்ணெயும் வேர்வையும் சேர்த்து மெழுகி, அதைப் போட்டுக்கொண்டுதான் அவர் தெருவைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். டாக்டரின் கண்ணாடியில் மட்டும் அந்துருண்டை இல்லை.

"டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றேன் நான்.

அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். "எந்த டாக்டர்?"

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில்லாத முகம் குழந்தை முகம்போல் இருந்தது.

"கண்ணு போகுதுன்னு நினைச்சேன்" என்றார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கண்ணு போகுதுன்னு எனக்கும் தெரியும். அதாவது, தெரியும்னு நினைச்சேன். நீங்க கண்ணாடிய ஓயாம துடைச்சுக்கிட்டே இருந்தீங்க, படமெல்லாம் மங்கலா வந்துது. வெளிச்சமா இருக்கற இடமெல்லாம் வழிஞ்சு கிடந்துது. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடும்னு நானே உட்கார்ந்து ஒவ்வொண்ணா சரி பண்ணினேன். எவ்வளவு பண்ணியும் கறுப்பு கறுப்பா வரல. தம்பி கேட்டப்போ பேப்பர்மேல பழி போட்டேன்."

"அதான் கூடக் கூட வந்தியா? விளக்குப் பிடிக்க?"

"படி இறங்கும்போது விழுந்துடக் கூடாதுன்னு வந்தேன்" என்று சொல்லும்போது அண்ணிக்குக் குரல் உடைந்தது. "லென்ஸை எல்லாம் கொடுத்துடறேன்னு சொன்னப்போ, ஏன்னு கேட்டா நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயந்துதான் கேக்கல."

பெரியக்கா ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டார். "பாவி, நான்தான் உன் கண்ணைக் கெடுத்தேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்த அண்ணிக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

"கண்ணு கெடலக்கா. கண்ணாடிதான் கெட்டுது. பூச்சி வந்துதா? வரல இல்ல? அப்ப நீங்க செஞ்சது பலிச்சுத்தானே இருக்கு."

"வா, துடைக்கலாம்" என்றார் அண்ணன் அண்ணியிடம். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

துடைத்தார்கள். மெல்லிய தாளை நான்காக மடித்து, லென்ஸ் துடைக்கும் மருந்தை லென்ஸில் ஊற்றாமல் தாளில் ஒரு சொட்டு விட்டு, நடுவில் தொடங்கி வட்டம் வட்டமாக ஓரத்துக்கு வந்தார் அண்ணன். ஒருமுறை பட்ட பக்கம் மறுமுறை படாது. தாள் மாறிக்கொண்டே இருந்தது. லென்ஸில் ஊற்றினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடுமாம். அவர் துடைத்துக் கொடுப்பதை அண்ணி கறுப்பு அட்டைமேல் பிடித்துச் சாய்த்துப் பார்ப்பார். "இன்னும் இருக்கு" என்பார். மறுபடி துடைப்பார். "ஓரத்துல." மறுபடி. "ம்." அந்த 'ம்' வந்தால்தான் அடுத்தது. வேர்வை கண்ணாடியில் சொட்டாமல் இருக்க இரண்டு பேரும் நெற்றியில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். மல்யுத்தத்துக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தது. அலமாரியை நான் துடைத்து வெயில் படும்படி திறந்து வைத்தேன். உருண்டைகளைப் பெரியக்காவே பொறுக்கி டப்பாவில் போட்டார், ஒவ்வொன்றையும் திட்டியபடி.

மூக்குக்கண்ணாடியை அண்ணி குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றித் துடைத்து, தானே அவர் முகத்தில் மாட்டிவிட்டார்.

அண்ணன் முதலில் ஜன்னலைப் பார்த்தார். எதிர் மாடியில் காயும் துணிகளையும், அவற்றில் குத்தியிருந்த பச்சை, சிவப்பு கிளிப்புகளையும் பார்த்தார். வாய் திறந்தபடி எதிர்க் கடைப் பலகையின் சின்ன எழுத்தைப் படித்தார். பிறகு திரும்பி அண்ணியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன?"

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

அண்ணி காதோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அக்கா, அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்கு வேணும்" என்றார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் கதவு தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. குடை தானாகவே கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். தூசி வரும் என்று யாரும் கத்தவில்லை. கையில் லென்ஸ் கொண்டுபோகப் பை. முகத்தில் துக்க வீட்டுக்கு வந்தவர்போல் ஒரு அடக்கம். நெற்றியில் கட்டோடு அழுது சிரித்துக்கொண்டிருக்கும் குடும்பத்தைப் பார்த்து, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று பின்வாங்கினார்.

"வாங்க வாங்க" என்றார் அண்ணி. "லென்ஸ் இல்ல. அந்துருண்டை இருக்கு, கொண்டு போறீங்களா?"

விஷயத்தைக் கேட்டதும் குடை பையைத் தரையில் போட்டுவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "அப்பாடா" என்றார். "உங்க லென்ஸை வச்சுப் படம் எடுத்தா எனக்குக் கையே ஓடாதுண்ணே. பள்ளிக்கூடத்துக்கு நீங்களே போங்க. அந்தப் பிள்ளைங்க எல்லாம் நீங்க 'சிரிங்க'ன்னு சொன்னாத்தான் சிரிக்குது. நான் சொன்னா முறைக்குது."

பெரியக்கா விசிறியைப் போட்டுவிட்டு, எல்லோருக்கும் முட்டையும் ரொட்டியும் பொரித்துக் கொண்டுவந்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. யாரும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்துப் படத்துக்கு அண்ணன்தான் போனார். கிளம்பும்போது பார்த்தேன், அண்ணியும் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

"கண்ணுதான் நல்லா இருக்கே. நீ எதுக்கு?" என்றார் அண்ணன்.

"கண்ணு நல்லா இருக்கு. ஆனா என்கிட்டயே பொய் சொல்ற ஆளுன்னு இப்பத்தானே தெரிஞ்சுது. கூடவே இருந்து பார்த்துக்கறேன்."

"நீ மட்டும் சொல்லலியா?"

"அதனாலதான் நீங்களும் என்னைப் பார்த்துக்கணும். நடங்க."

அந்த ஆல்பத்துக்கான பக்கங்கள் வந்தபோது தலைமையாசிரியர் கோட்டு கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பாக இருந்தது. கட்டின் அடியில் தனியாக ஒரு படம் இருந்தது. துடைத்து முடித்த லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அன்று மேஜையிலேயே அண்ணன் எடுத்தது. நெற்றியில் கைக்குட்டையும் காதோரம் நரையுமாக, கண்ணில் ஈரம் காயாமல் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"இதை எங்க ஒட்டறது?" என்று கேட்டேன்.

"உன் கடையில மாட்டிக்கோ" என்றார் அண்ணி. "நான் அதுல ஒண்ணும் சரி பண்ணல."